யாருக்கும் கட்டாத எண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எங்கள் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். அபிராமபுரத்தில் எங்கள் தெருவில் ராகு காலத்தில் பால் காய்ச்சிக் குடிபுகுந்த ஒரே குடும்பம் நாங்கள்தான். பூனை குறுக்கே போனால், அதுக்கு என்ன அவசரமோ என்று சொல்லிவிட்டு நடப்பார். அவர் மகள் நான். அதனால் இப்போது உங்கள் முகத்தில் வருகிறதே ஒரு சிரிப்பு, அதை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். மல்லிகைப்பூ வாசனை, கொலுசுச் சத்தம், பாழடைந்த கிணறு எதுவும் இதில் வராது. எல்லாம் பட்டப்பகலில், மயிலாப்பூரில் ஒரு சலவைக் கடையில் நடந்தது.

எழுபதுகளின் ஆரம்பம். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று மூன்று இடத்தில் டிரை கிளீனிங் கடை வைத்திருந்தார் ஒரு திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மூன்று கடைத் துணியும் காலையில் வேனில் அசோக் நகர் ஃபாக்டரிக்குப் போகும், வெளுத்துத் தேய்த்து மத்தியானத்துக்குள் திரும்பி வரும். மயிலாப்பூர் கடை என் பொறுப்பு. துணிக்கு ஓர் எண் போட்ட நாடாத் துண்டைக் கட்டி அனுப்புவோம். மூன்று கடையும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள். எங்கள் நானூறும் தி. நகர் நானூறும் ஃபாக்டரியில் ஒரே கொடியில் தொங்கும். ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டு அடையாறில் ஒரு நாதஸ்வரக்காரர் வீட்டுக்குப் போய், அவருடைய ஜரிகை அங்கவஸ்திரம் வக்கீலுக்கு வந்தது. இரண்டு பேரிடமும் திட்டு வாங்கியவள் நான்.

அதனால் நான்தான் ஒரு யோசனை சொன்னேன். எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து. மயிலாப்பூருக்கு ம, தி. நகருக்குத் தி, அடையாறுக்கு அ. ரப்பர் முத்திரை செய்து, எண் போடும் மிஷினோடு சேர்த்து நாடாவில் குத்திவிட்டால் உலகத்தில் அந்த அடையாளம் ஒரே ஒரு துணிக்குத்தான். எண்ணுக்கு ஓர் அட்டை எழுதி டிராயரில் வரிசையாக வைத்துவிட்டால் எந்தத் துணி யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். என் அக்கா மகன் இன்று கம்ப்யூட்டரில் இதைத்தான் செய்கிறானாம், முன்னால் எழுத்து, பின்னால் எண், ஒரு தடவை வந்தது மறு தடவை வரவே வராது சித்தி என்று பெருமையாகச் சொல்கிறான். வராதா, அதையும் பார்த்தவள்தான் நான்.

அண்ணாச்சிக்கு யோசனை பிடித்துப்போயிற்று. ஆனால் நல்லதை நல்லதாக விட்டால் அவர் அண்ணாச்சி இல்லையே.

"எல்லாம் சரிதான் சரோஜா. கூட்டினா எட்டு வருத நம்பரு மட்டும் வேண்டாம் பாத்துக்கோ. எட்டு சனியோட நம்பருல்லா. அத எவன் துணியிலயும் கட்டப்படாது."

"அண்ணாச்சி, ஒன்பது நம்பருக்கு ஒண்ணு அப்படித்தான் வரும். மிஷின் தானா தாண்டாது."

"நீ தாண்ட வையி. ஜோசியரு சொல்லிட்டாரு. சும்மா வாதாடாத."

எனக்கு எப்படி இருந்திருக்கும். கறுப்புச் சட்டைக்காரர் மகள், எட்டு வருகிறதா என்று நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிஷின் ஒவ்வொரு குத்துக்கும் தானாக அடுத்த எண்ணுக்குப் போகும், எட்டு வந்தால் பழைய பேப்பரில் ஒரு குத்து குத்திவிட்டு அடுத்ததை நாடாவில் குத்த வேண்டும். டிராயரிலும் அந்த எண்ணுக்கு அட்டை கிடையாது. வீட்டில் அப்பாவிடம் இதைச் சொல்லவே இல்லை, சொல்லியிருந்தால் மறுநாளே கடை வாசலில் கூட்டம் போட்டிருப்பார்.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போயிற்று. ஒரு நாள் வந்த துணியைச் சரிபார்க்கும்போது ஒரு வெள்ளைச் சட்டை அதிகமாக இருந்தது. நாடாவில் ம 1205. கூட்டிப் பாருங்கள், எட்டு. எங்கள் நாடா, எங்கள் மை, எங்கள் முத்திரை. நான் யாருக்கும் கட்டாத எண். டிராயரில் 1204 இருந்தது, 1206 இருந்தது. சட்டை தேய்த்து மடிப்புக் கலையாமல், போட்டுக்கொள் என்கிற மாதிரி இருந்தது.

ஃபாக்டரிக்குப் போன் போட்டேன். தேய்ப்புப் பகுதிக்கு ஏகாம்பரம்தான் தலைவர், அவர் குரல் போன் இல்லாமலே மயிலாப்பூருக்குக் கேட்கும்.

"இன்னாமா நீ, காலீலயே கத்திக்கினு கீற. வந்தத எண்ணி எடுத்தேன், எண்ணி அனுப்ச்சிட்டேன். நம்பர் கட்றது உன் வேல, தேய்க்கிறது என் வேல."

"நான் கட்டாத நம்பர் எப்படி வந்துச்சு?"

"அத்த நீதான் சொல்லணும். நான் இன்னா நாடாவ தின்னுட்டு துப்பறனா?"

அடுத்த வாரம் ம 1250, ஒரு பேண்ட். அதற்கடுத்து இன்னொரு சட்டை. விட்ட எண் எல்லாவற்றுக்கும் வரவில்லை, வாரத்துக்கு ஒன்று, சில வாரம் அதுவும் இல்லை. எல்லாம் ஒரே ஆள் அளவு, ஒல்லியாக உயரமாக ஒருவன். யாரும் கேட்டு வரவில்லை. பின்பக்கம் தனியாக ஒரு கம்பியில் மாட்டி வைத்தேன். அண்ணாச்சி அந்தக் கம்பிப் பக்கமே வர மாட்டார். "எட்டு பாத்தியா, சொன்னேம்லா" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விடுவார். எவனோ விளையாடுகிறான் என்றுதான் நான் நினைத்தேன். மிஷினை யாரோ எடுத்து நாடாவில் குத்துகிறார்கள், அவ்வளவுதான், கண்டுபிடித்துக் காதைத் திருகாமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை. கடைசியாகக் குத்த வேண்டிய எண் 1331. எட்டு. ஒரு பழைய பேப்பர்த் துண்டில் குத்தி அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். மிஷினையும் ம முத்திரையையும் மை டப்பாவையும் பையில் போட்டு வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஞாயிறு முழுக்க அது என் தலையணைப் பக்கத்தில் இருந்தது. அம்மாகூட, இது என்னடி எலிப்பொறி மாதிரி என்று கேட்டாள்.

திங்கள் மத்தியானம் வேன் வந்தது. மூட்டையைப் பிரித்தேன், மேலாகவே ஒரு வேட்டி. ம 1331. பர்ஸிலிருந்து பேப்பர்த் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் மிஷினில் மூன்றுக்கு மேல் வளைவில் மூக்கு உடைந்திருக்கும். பேப்பரிலும் இரண்டு மூன்றுக்கு மூக்கு இல்லை, நாடாவிலும் இரண்டு மூன்றுக்கு மூக்கு இல்லை. மிஷின் என் பையில். வெளியே வெயில், எதிர்க்கடையில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள், நான் கையை வேட்டியிலிருந்து எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. இவ்வளவு ஒழுங்காக ஒரு ஏற்பாடு செய்து வைத்தால், அதில்கூடவா.

பாகீரதி மாமி வந்தது அந்த வாரம்தான். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு போர்ஷனில் தனியாக இருந்தவர், கணவர் எப்போதோ போய்விட்டார். ஒரே மகன் வேலை தேடிப் பம்பாய்க்குப் போனான், சேர்ந்துவிட்டேன் என்று ஒரு கார்டு போட்டான், அதற்குப் பிறகு மூன்று வருஷமாக ஒன்றும் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தும், அந்த ஊருக்குப் போனவர்களிடமெல்லாம் கேட்டும் பலனில்லை, சொந்தக்காரர்கள் ஆகவேண்டிய காரியத்தைச் செய்துவிடலாம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். இதெல்லாம் கடைக்கு வரும் எல்லோருக்கும் தெரியும், மாமியே சொல்வார். அன்று ஒரு சால்வையை வெளுக்கப் போட வந்தவர் என் தோளுக்கு மேலே பின்னால் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"சரோஜா, அந்தச் சட்டையை எடுடி."

எடுத்துக் கொடுத்தேன். காலரைத் திருப்பினார். உள்பக்கம் கிழிசலை நீல நூலால் தைத்திருந்தது, நான் கவனிக்கவே இல்லை.

"வெள்ளை நூல் ஆத்துல தீந்து போச்சுன்னு நீலத்தால தெச்சேன். அவன் கோச்சுண்டு, போட்டுக்க மாட்டேன்னுட்டு, அப்புறம் இதையே போட்டுண்டுதான் ரயில் ஏறினான். பாரு, முடிச்சை ரெண்டு தடவை போட்டிருப்பேன்."

இரண்டு முடிச்சு இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். எண் கிடையாது, அட்டை கிடையாது, கொண்டு வந்தவர் கிடையாது, இது என்னவென்று எனக்குத் தெரியாது மாமி, எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். மாமி அழவில்லை. சட்டையை மடித்தார்.

"எனக்கு அதெல்லாம் வேண்டாம்டி. துணி அழுக்காறதுன்னா, போட்டுக்க ஆள் இருக்கான்னுதானே அர்த்தம்."

இதை அப்பாவிடம் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். நான் கம்பிப் பக்கம் போனேன். ரசீது இல்லாமல் துணி கொடுக்கக் கூடாது என்பது சட்டம், கம்பியில் இருந்த எல்லாவற்றையும் பையில் போட்டு மாமியிடம் கொடுத்தேன்.

அன்றிலிருந்து மாமி வாரா வாரம் வருவார். துணி வந்திருந்தால் வாங்கிக்கொண்டு போவார், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வருவார். ஆளே மாறிப்போனார். பூக்காரியிடம் பேரம் பேசுவதும், திருவையாறுக்குப் போய்வந்தேன் என்று பிரசாதம் கொண்டு வருவதும், ஒரு தடவை பேண்டின் இடுப்பை அளந்து பார்த்து "கொஞ்சம் பூசினாப்பல இருக்கான்" என்று சொல்லிச் சிரித்ததும் எனக்குத் தாங்கவில்லை. சொந்தக்காரர்கள் ஆகவேண்டியதைப் பற்றிப் பேச வந்தால் அலமாரியைத் திறந்து காட்டுவாராம். பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி ஜோசியரை மாற்றினார்.

"பழையவன் கணக்கே தப்பாம்லா. என் ஜாதகத்துக்கு எட்டுதான் ராஜயோகமாம். இனிமே ஒரு நம்பரும் விடாத. எட்டு வந்தா நல்லதுன்னு கட்டு."

மாதக்கணக்காக இதற்காகத்தானே சண்டை போட்டேன். சந்தோஷப்பட வேண்டியவள் நான். கட்டினேன். எல்லா எண்ணுக்கும் துணி இருந்தது, டிராயரில் ஓர் இடம்கூட காலி இல்லை, நான் முதலில் மனதில் நினைத்த ஏற்பாடு அப்போதுதான் முழுசாக வந்தது. பின்பக்கக் கம்பியில் மாட்ட அதன் பிறகு ஒன்றுமே வரவில்லை.

மாமி வந்து நிற்பார். "இன்னிக்கும் இல்லையா?" என்பார். இல்லை மாமி என்பேன். ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. பூக்காரியிடம் பேரம் நின்றது. அப்புறம் மாமியே வருவது நின்றது. விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன், பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சாப்பிடுவதில்லை என்று வீட்டுக்காரம்மாள் சொன்னாள். மாமி என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவனுக்கு இடம் இல்லாமப் பண்ணிட்டேளா எல்லாருமா?"

நேராக அங்கிருந்து பாண்டி பஜார் போனேன், அண்ணாச்சி தி. நகர் கடையில் இருந்தார். அடுத்த எட்டை விட்டாக வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, நீ கறுப்புச் சட்டை வீட்டுப் பொண்ணுதான? அன்னைக்கு விடச் சொன்னா கட்டுவேன்னே. இன்னைக்குக் கட்டச் சொன்னா விடுவேங்க. ஒனக்குத்தான் சனி பிடிச்சிருக்கு."

"அண்ணாச்சி, அந்தம்மா செத்துடுவாங்க."

அவருக்கும் மாமியைத் தெரியும். கல்லாவை மூடினார், திறந்தார். "சவத்த, ஒண்ணே ஒண்ணு. ஜோசியருக்குத் தெரியப்படாது" என்றார்.

மறுநாள் 5003 வந்தது. பழைய பேப்பரில் குத்தினேன். குத்தும்போது, அப்பா பார்த்தால் என்ன சொல்வார் என்றுதான் நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் வேனில் வந்தது ம 5003. சட்டை இல்லை, வேட்டி இல்லை. ஒரு சின்னக் கவுன். ஒரு வயசுக் குழந்தைக்குச் சரியாக இருக்கும், மஞ்சளில் வெள்ளைப் புள்ளி.

ரிக்‌ஷா பிடித்து மாமி வீட்டுக்குக் கொண்டு போனேன். எழுந்து உட்கார்ந்து வாங்கினார். முகத்தில் வைத்துக்கொண்டார். பெண் குழந்தைடி, என்றார். வீட்டுக்காரம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு டம்ளர் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம் கவுனின் கீழ் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தவர் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். நீல நூல். ஓரத்தில் இரண்டு முடிச்சு.

"இது என் தையலாச்சே" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. "நான் எப்போ தெச்சேன் இதை?"

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை, கடையைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே மாமி தூக்கத்தில் போய்விட்டார். செய்தி வந்தபோது நான் நாடா குத்திக்கொண்டிருந்தேன், அப்படியே எழுந்து பாண்டி பஜாரில் கைக்கு அகப்பட்ட ஒரு புடவையை வாங்கிக்கொண்டு ஓடினேன். சாம்பல் நிறம், மெல்லிய பச்சைக் கரை. மாமி மேல் போர்த்தும்போதுதான் பார்த்தேன், என் கட்டைவிரல் மை முந்தானை மூலையில் பதிந்துவிட்டது. எந்தச் சலவைக்கும் போகாத மை அது. அலமாரி திறந்து கிடந்தது, மகன் சட்டைகளை மாட்டியிருந்த ஹேங்கர்கள் மட்டும் வரிசையாகத் தொங்கின. யார் எடுத்தார்கள் என்று வீட்டுக்காரம்மாளைக் கேட்டேன், நான் தொடவில்லை என்று சண்டைக்கு வந்துவிட்டாள். கவுனும் இல்லை.

சில மாதத்தில் மயிலாப்பூர்க் கடையின் குத்தகை முடிந்து மூடினோம். நாங்கள் கடைசியாகக் கட்டிய எண் 7009. மிஷினை அண்ணாச்சி பழைய இரும்புக்குப் போட்டார், ம முத்திரையை நானே பிளேடால் கீறிக் குப்பையில் போட்டேன். என்னை அடையாறுக்கு மாற்றினார்கள். அங்கே எல்லாம் அ.

அடையாறில் சேர்ந்து மழைக்காலம் வந்திருக்கும். ஏகாம்பரமே வேனில் ஏறி வந்து ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தார்.

"இந்தாமா, இத்த நீயே பாரு. எவ்ளோ தேச்சாலும் கறை போவல. பருப்பு சோத்துக் கறை. கொயந்த வாய தொட்ச்சிகீறாங்க."

சாம்பல் நிறப் புடவை, மெல்லிய பச்சைக் கரை. மூலையில் ஒரு கட்டைவிரல் மை. என் விரலை வைத்துப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்தது. முந்தானையில் மஞ்சளாக ஒரு சின்ன வாய் அகலத்துக்குக் கறை. நாடாவில் ம 7010. கூட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லப்போவது தெரியும். சுடுகாட்டில் வெட்டியான் புடவையை உருவி விற்றிருப்பான், வாங்கியவள் யாரோ குழந்தை வாயைத் துடைத்திருப்பாள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன், அப்பாவும் அதைத்தான் சொன்னார். சரி, இருக்கட்டும். இல்லாத மிஷினால் 7010ஐக் குத்தியது யார் என்று கேட்டேன். அப்பா பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

கேட்டு யாரும் வராததால் புடவை என்னிடமே தங்கிவிட்டது. கல்யாணமாகி அசோக் நகர் வந்தபோதும் கூடவே வந்தது. நான் ஒரு நாளும் உடுத்தியது கிடையாது. பீரோவில் பூட்டி, சாவி என் இடுப்பில். வருஷத்துக்கு ஒரு தடவை வெயிலில் போட எடுப்பேன். பழைய கறை மேலேயே ஒரு வருஷம் ஊதா மை, பள்ளிக்கூடத்துப் பேனா மை. இன்னொரு வருஷம் மருதாணி. ஒரு தடவை முந்தானையில் சின்னதாக ஒரு கிழிசல், நீல நூலால் தைத்திருந்தது. என் அக்கா மகனிடம் காட்டினேன், பீரோவில் பூச்சி இருக்கும் சித்தி என்றான். பூச்சிக்கு முடிச்சுப் போடத் தெரியுமாடா என்றேன், இரண்டு தடவை?

ஒவ்வொரு தடவையும் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து வைப்பது நான்தான். இந்த வயதில் முழங்கை வலிக்கிறது, அங்கே யாருக்காவது ஒரு சோப்புக்கட்டி அகப்படாதா என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன். நடுவில் சில வருஷம் புதுக் கறை ஒன்றும் விழாமல் இருந்தது. எடுத்து எடுத்துப் பார்த்தேன், எனக்குச் சோறு இறங்கவில்லை, அப்போதுதான் மாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது எனக்குப் புரிந்தது.

போன பொங்கலுக்கு முன்னால் பீரோவைத் திறந்து புடவையை உதறினேன். முந்தானையில், கட்டைவிரல் மைக்குப் பக்கத்தில், மறுபடியும் ஒரு சின்ன வாய். பருப்பு சாதம்தான், கை வைத்தேன், இன்னும் காயவில்லை.